ஊர் பாதி, பம்பாய் பாதி: குடும்பக் கதையைச் சேர்த்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தாராவி மறுசீரமைப்புக்காக எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஆட்கள் வந்த வாரம், ஒவ்வொரு கோலியிலும் (ஒற்றை அறை வீட்டை இங்கே கோலி என்போம்) கட்டிலுக்கு அடியில் கிடந்த ட்ரங்குப் பெட்டி வெளியே வந்தது. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்தோம் என்று காட்ட வேண்டும். ரேஷன் கார்டு, குடிசைக்குக் கொடுத்த போட்டோ பாஸ், கரண்ட் பில், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எல்லோரும் காகிதம் தேடினார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் இருக்கு தம்பி. எங்கப்பா எந்த வருஷம் ரயிலேறுனாருன்னு கேட்டா மட்டும் தெரியல. கேட்டு வச்சிக்கல" என்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். ஊரில் இருப்பவர்களுக்கு ஒருவர் ரயிலேறிய நாள்வரைதான் கதை தெரியும். இங்கே இருப்பவர்களுக்கு அவர் வந்து இறங்கிய நாளிலிருந்துதான் தெரியும். ஒரே ஆளின் வாழ்க்கை இரண்டு ஊரில் பாதிப் பாதியாகக் கிடக்கிறது. பத்து வருஷமாக எங்கள் குடும்பத்தின் அந்த இரண்டு பாதியையும் தைத்துக்கொண்டிருக்கிறேன். எது உதவியது, எது உதவவில்லை என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தாராவியோ மாட்டுங்காவோ செம்பூரோ, எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு நோட்டு

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். செயலி, மென்பொருள் எல்லாம் அப்புறம். நடுப்பக்கத்தை விரித்து, யாரையும் கேட்காமல், உங்களுக்குத் தெரிந்த பெயர்களை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். நீங்கள், உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா ஆச்சி, அவர்களுக்கு மேலே பூட்டன் பூட்டி. காலியாக நிற்கும் இடங்களில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

எனக்கு அப்பா வழி ஆண்களில் ஐந்து தலைமுறை வந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டது. ஆச்சியைப் பெற்றவள் பெயர் எனக்குத் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. பெரியப்பா முன்பு ஒரு வம்சப் படம் வரைந்து வைத்திருந்தார். அதில் பதினோரு ஆண்களின் பெயர் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே "மனைவி" என்ற ஒரே சொல். ஆகவே தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பெண்ணைப் பற்றி எழுதினாலும் அவள் சொந்தப் பெயர், பிறந்த ஊர், பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர் மூன்றையும் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் கல்யாணமாகி வந்தவளைக் கோவில்பட்டிக்காரி, சங்கரன்கோவில்காரி என்று ஊர்ப் பெயரால் கூப்பிட்டே அவள் பெயரை மறந்துவிடுகிறோம்.

ஆண்களுக்குப் பட்டப்பெயர் முக்கியம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் எங்கள் குடும்பத்தில் மட்டும் நாலு சுடலைமுத்து. "கண்ணாடிக்காரர்", "மில்லுக்காரர்" என்று எழுதி வைத்திராவிட்டால் ஒருவர் கதை இன்னொருவர் தலையில் ஏறிவிடும்.

யாரிடம் முதலில் போவது

வயதில் மூத்தவரிடம், உடம்பு முடியாதவரிடம். இதில் வேறு யோசனையே வேண்டாம். தாத்தா பம்பாய்க்கு வந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் தங்கிய ஊர்க்காரர் ஒருவர் கல்யாணில் இருந்தார். தீபாவளி லீவில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால் அவர் போய்விட்டார். தாத்தாவின் முதல் ஏழெட்டு வருஷம் அவரோடு போனது. அதை இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, குடும்பத்துக்குள் கல்யாணமாகி வந்த பெண்கள். பிறந்ததிலிருந்து உள்ளேயே இருப்பவர்களுக்கு எல்லாமே சாதாரணம். புதிதாக வந்து நுழைந்தவளுக்குத்தான் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டிருக்கும். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த அத்தைகளையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா மறந்துபோன பாதியை நவிமும்பையில் இருக்கும் அத்தைதான் சொன்னார்.

கேட்கும் விதம்

"உங்க கதையைச் சொல்லுங்க ஆச்சி" என்று ரெக்கார்டரை நீட்டினால் ஒன்றும் வராது. எனக்குக் கிடைத்த பதில்: "என்னத்தச் சொல்ல? பொறந்தோம், வளந்தோம், வந்தோம்." அவ்வளவுதான். பெரிய கேள்விக்குச் சின்னப் பதில்தான் வரும்.

மறுநாள் ஒரு தாளில் செவ்வகம் ஒன்று போட்டேன். எங்கள் கோலி, பத்தடிக்குப் பன்னிரண்டு. கதவு எங்கே, மோரி (குளிக்க, பாத்திரம் கழுவ இருக்கும் மூலை) எங்கே, அடுப்பு எங்கே என்று குறித்துவிட்டு, "ராத்திரி யாரு எங்க படுப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆச்சிக்கு எழுதத் தெரியாது. பென்சிலை வாங்கி, ஆளுக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார். "இது உங்க தாத்தா. இது நான், இடுப்புல உங்கப்பன். இந்த ரெண்டும் உன் பெரியத்தையும் சின்னத்தையும். மேல பரண் மாதிரி இருக்குற மாலாவுல தாத்தாவோட மச்சினன் ரெண்டு பேரு. மோரிக்கு மேல பலகை போட்டு ஊர்லேருந்து வந்த பையன் ஒருத்தன்." கோடு நிரம்பிக்கொண்டே போனது. கடைசியாக ஒரு கோடு செவ்வகத்துக்கு வெளியே, வாசற்படியை ஒட்டி விழுந்தது.

"அது யாரு ஆச்சி?"

"அது என் கொழுந்தன். நான் வந்த அன்னைக்கு எனக்கு எடம் விட்டு வெளிய போய்ப் படுத்தவன். மூணு மழை அப்படியே."

தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டிபி வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், போய் ஆறு மாதம் இருந்தாராம். போட்டோ கிடையாது, சான்றிதழ் கிடையாது, வம்சப் படத்தில் பெயரும் கிடையாது. சின்னத் தாத்தா இருந்ததற்கு எங்களிடம் இருக்கும் ஒரே தடயம் அந்தப் பென்சில் கோடு.

அதன்பின் நான் யாரிடமும் படம் போடாமல் உட்காருவதில்லை. வீட்டின் படம், தெருவின் படம், கிணற்றடியின் படம், எது அவர்கள் காலில் பழகியதோ அது. படம் இல்லாவிட்டால் பொருள்: ஒரு பித்தளைத் தூக்கு, ஒரு ட்ரங்குப் பெட்டி, தழும்பு ஒன்று. கேள்வி கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். முதல் நாள் இங்கே என்ன சாப்பிட்டீங்க? பெட்டியில என்னென்ன எடுத்துட்டு வந்தீங்க? முதல் சம்பளத்தை யார் கையில கொடுத்தீங்க? ஊருக்குக் கடிதம் எழுத யாரிடம் போவீங்க, அவர் எவ்வளவு வாங்குவார்? இந்தி தெரியாம கடையில எப்படிச் சாமான் கேட்டீங்க? தண்ணிக்கு எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க? இந்த மாதிரி ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார்கள்.

தொழிலைப் பற்றிக் கேட்கும்போது தொழிலின் சொற்களைக் கேளுங்கள். தோல் ஷாப்பில் வேலை என்று எழுதினால் அது ஒரு வரியோடு முடிந்துபோகும். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு மயிர் வழிப்பது, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது, கையில் வெடித்த வெடிப்புக்கு ராத்திரி என்ன தடவினார்கள் என்பது, இவையெல்லாம் வந்தால்தான் தாத்தா உயிரோடு எழுந்து வருவார்.

அவர்கள் பேசும்போது திருத்தாதீர்கள். "இல்ல ஆச்சி, அது எழுபத்தஞ்சுல" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவர்கள் நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பல நேரம் நீங்கள் தேடி வந்தது. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் வேண்டாம். முக்கால் மணி நேரம் போதும், மறு வாரம் திரும்பப் போங்கள். இடையில் அவர்களுக்கே நிறைய ஞாபகம் வந்திருக்கும்.

ஒலிப்பதிவு

தனிக் கருவி தேவையில்லை, உங்கள் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும். போனை மேசையில் வைக்காமல் மடித்த துண்டின்மேல், அவர் வாயிலிருந்து இரண்டடிக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குக்கர் சத்தமும் டிவியும் அடங்கும் மதியம் இரண்டு மணி நல்ல நேரம். தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். பதிவு செய்கிறோம் என்பதை அவருக்குத் தெரிவித்துச் சம்மதம் கேளுங்கள், அந்தச் சம்மதமும் பதிவில் இருக்கட்டும்.

அன்று இரவே கோப்புக்குப் பெயர் வையுங்கள்: வருஷம், மாதம், தேதி, ஆள், பொருள். பிறகு மூன்று பிரதி: ஒன்று போனில், ஒன்று பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ, மூன்றாவது வேறு ஒரு வீட்டிலோ கூகுள் டிரைவிலோ. எல்லாப் பிரதியும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பிரதிக்குச் சமம். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று எங்கள் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் கூழாகிப் போயின.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு குறைந்துவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்பினால் அப்படியே போகும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் நெல்லைப் பேச்சில் தடுமாறுகின்றன. நானே காதில் மாட்டிக்கொண்டு எழுதினேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். முழுவதும் எழுத நேரமில்லை என்றால் எத்தனையாவது நிமிஷத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு குறிப்பாவது போட்டு வையுங்கள்.

வருஷத்தைக் கண்டுபிடிப்பது

நம் பெரியவர்களுக்குத் தேதி தெரியாது என்பார்கள். நன்றாகவே தெரியும். அவர்கள் நாள்காட்டி வேறு, அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சியின் ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது. இரண்டும் தப்பு. அவரைக் கேட்டால், "தாது வருஷம் ஐப்பசி" என்பார். தமிழ் வருஷங்கள் அறுபது, சித்திரையில் மாறும், சுற்றிச் சுற்றி வரும். 1876-லும் தாது, 1936-லும் தாது, 1996-லும் தாது. ஆச்சி பிறந்தது 1936 அக்டோபர்-நவம்பர் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பிரபவ 1927-ல் தொடங்குகிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, பஞ்சாங்கத்தில் இருக்கும் வரிசையைப் பார்த்து எண்ணிக்கொண்டே போகலாம். பிரமாதி 1939, பார்த்திப 1945, விஜய 1953. ஏப்ரல் நடுவில் வருஷம் மாறும் என்பதால் தை, மாசி, பங்குனி என்று சொன்னால் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நெல்லை, குமரிப் பக்கத்துப் பழைய ஜாதகங்களிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை 824-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. கொல்லம் 1112 கார்த்திகை என்றால் 1936 கடைசி. பழைய பத்திரத்தில் ௵ என்று இருந்தால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. எண்களும் ௧, ௨, ௩ என்று தமிழில் இருக்கும், ௰ என்றால் பத்து.

இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஊரறிந்த நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாத்தா பம்பாய்க்கு வந்தது "கப்பல் வெடிச்ச மறு வருஷம்" என்று ஆச்சி சொல்வார். விக்டோரியா டாக்கில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது 1944 ஏப்ரல் 14. ஆக 1945. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். சிவசேனா தொடங்கியது 1966, "மதராஸிக் கடையெல்லாம் அடைச்ச காலம்" என்றால் அதையொட்டிய வருஷங்கள். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, ரயில் ஸ்டிரைக் 1974 மே, காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2, மில் ஸ்டிரைக் 1982 ஜனவரி, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. "அண்ணா செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, மூத்தவன் பொறந்துட்டானா?" என்று கேட்டால் பதில் டக்கென்று வரும்.

பள்ளிச் சான்றிதழில் ஜூன் முதல் தேதியோ அதையொட்டியோ பிறந்ததாக இருந்தால் நம்பிவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம்.

பெட்டிக்குள் இருப்பவை

போட்டோ பாஸை எடுத்துப் பாருங்கள். 1976-ல் மும்பையில் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தது, அதன்பின் கொடுக்கப்பட்டது அது. அதில் குடும்பத் தலைவரின் படம் இருக்கும். வேறு படமே எடுக்காத பல பேருக்கு அது ஒன்றுதான் இருக்கும். பழைய ரேஷன் கார்டில் யார் யார் அந்தக் கோலியில் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். பெயர் அடிக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கல்யாணமா, சாவா, சண்டையா?

மொய் நோட்டு கிடைத்தால் அதைவிடப் பெரிய செல்வம் இல்லை. ஊர், பெயர், தொகை வரிசையாக இருக்கும். எங்கள் அத்தை கல்யாணத்து மொய் நோட்டில் நூற்றுச் சொச்சம் பெயர். அதில் பதினேழு பேருக்கு நேரே "பம்பாய்" என்று எழுதியிருந்தது. தாத்தா வந்தபின் ஊரிலிருந்து யார் யார் பின்னாலேயே வந்தார்கள் என்பது அந்தப் பதினேழு வரியிலிருந்துதான் விளங்கியது. அதிகத் தொகை எழுதியவர் யார் என்று விசாரித்தால் ஒரு கதை இருக்கும். கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று உறவு போட்டு அச்சடித்த சாட்சி அது. யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மணியார்டர் அனுப்பிய ரசீதுகள், அதில் ஒட்டியிருந்த சின்னத் துண்டில் எழுதிய இரண்டு வரி, இன்லேண்ட் கடிதங்கள், எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள். 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய கடிதங்களில் லை, னை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். பிள்ளைகளுக்குப் படிக்க வராது. வயதான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நிலம் இருந்திருந்தால் பத்திரத்தின் நகல் எடுங்கள். விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பனார், நான்கெல்லைக்காரர்கள், சாட்சிகள், எழுதியவர் என்று ஒரு தெருவையே அதில் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கலாம். தேடும்போது மாவட்டப் பெயரில் கவனமாக இருங்கள். கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி. சங்கரன்கோவில் 2019-லிருந்து தென்காசி. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும், முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும் முதலில் பார்க்க வேண்டியவை.

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். போட்டோவின் பின்னால் மெல்ல, பென்சிலால் மட்டும் பெயர் எழுதுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துப்போன படத்தைப் பிய்க்காமல் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை மழைக்குப் பெட்டி தரையில் இருக்கக் கூடாது. நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், சுத்தமான துணிமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

ஊருக்குப் போகும்போது

தனியாகப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதைவிட, குலதெய்வம் கோயில் கொடைக்கோ பங்குனி உத்திரத்துக்கோ போங்கள். எங்கெங்கோ சிதறிய பங்காளிகள் எல்லோரும் அன்று ஒரு சாஸ்தாவிடம் வந்து நிற்பார்கள். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் ஒரே வகையறா என்பது நம் பக்கத்துக் கணக்கு. இந்தக் கோயிலுக்கு எந்தப் பழைய கோயிலிலிருந்து பிடிமண், அதாவது ஒரு பிடி மண், எடுத்து வந்தார்கள் என்று பூசாரியிடம் கேட்டால், ஊருக்கு முன்னால் இருந்த ஊர் தெரியும்.

மும்பைப் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெறுங்கையோடு கேட்காதீர்கள். நான் தாத்தாவின் போட்டோ பாஸ் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனேன். தாத்தாவின் தங்கை, நாங்கள் சின்ன ஆச்சி என்போம், அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அண்ணன் முகத்தை அந்த வயதில் அவர் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகுதான் ரயிலேறிய இரவைப் பற்றிச் சொன்னார்.

சொல்லாமல் வைத்திருந்தவை

தாத்தா ஏன் ஊரை விட்டார் என்றால், மும்பையில் ஆச்சி எப்போதும் சொன்னது "மழை இல்ல, பொழப்பு இல்ல". சின்ன ஆச்சி சொன்னது வேறு. "மழையில்லைன்னா சொன்னா? செருப்புப் போட்டு மேலத்தெருவுல நடந்துட்டாக எங்கண்ணன். வேப்பமரத்துல கட்டிவச்சு அடிச்சாக. அன்னைக்கு ராத்திரியே அம்மா பித்தளைப் பானைய வித்து ரூவாயக் கையில குடுத்து, திரும்பி வராதய்யான்னு சொல்லி அனுப்பிட்டா." எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, பம்பாய் மெயிலில் ஏறி, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், புனா என்று வந்து இறங்கியபோது அவருக்குப் பதினேழு வயது.

இந்த மாதிரி ஒன்று உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். சாதிக் கொடுமை, ஓடிப்போய்ச் செய்த கல்யாணம், இன்னொரு குடும்பம், குடி, கலவரத்தில் நடந்தது. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும், யார் எப்போது சொன்னார் என்பதோடு எழுதுங்கள். ஆச்சி பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை. மழையும் இல்லைதான், தாத்தா அவரிடம் அதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அந்த மௌனமும் கதையில் சேர்ந்ததுதான். உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால் அவரிடம் படித்துக் காட்டாமல் வெளியே விடாதீர்கள். "இத எழுதாத" என்று ஒருவர் சொன்னால் எழுதாதீர்கள். "நான் செத்த பிறகு எழுதிக்கோ" என்றால் தனி உறையில் வைத்து, உறைமேல் அதை எழுதி வையுங்கள்.

சாதியை மறைத்துவிட்டு எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு நல்லது என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினேழு வயதுப் பையன் இரவோடு இரவாக ஏன் ரயிலேறினான் என்பதைச் சொல்லாமல், அவன் எவ்வளவு தூரம் வந்தான் என்பதை எப்படிச் சொல்வது?

எழுதுவதும் பகிர்வதும்

முழு வரலாறு எழுத உட்காராதீர்கள், முடிக்க மாட்டீர்கள். ஒரு ஆள், ஒரு நிகழ்ச்சி, ஒரு பக்கம். முப்பது பக்கம் சேர்ந்தால் புத்தகம். பேச்சை அவர்கள் வாயில் வந்தபடியே விடுங்கள். "அவுக"வை "அவர்கள்" ஆக்கினால் ஆச்சி போய்விடுவார்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காகக் குரலைத் துண்டுதுண்டாக வெட்டினேன், இரண்டு நிமிஷத்துக்கு மேல் எதுவும் இல்லை. கூடவே இந்தியில் நாலு வரி விளக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பக் குழுவில் ஒரு பழைய படம் போட்டு, "இது யாரு, எங்க எடுத்தது?" என்று மட்டும் கேட்கிறேன். நான் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இரண்டு ஊரும் மூன்று பெயரும் அப்படித்தான் வந்தன. ஆதார், பத்திரம், ரேஷன் கார்டு படங்களைக் குழுவில் போடாதீர்கள்.

நூறு பக்கத்துக்குள் என்றால் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போதும். ஊருக்கு ஒரு பிரதி கட்டாயம். பொங்கலன்று தாராவி 90 அடி ரோட்டில் பானை வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாங்கள் ஒரு பக்கம் சத்தமாகப் படிப்போம். பக்கத்துக் கோலிக்காரர்கள் நடுவில் புகுந்து திருத்துவார்கள். கடைசியில் பத்து வெற்றுப் பக்கம் விட்டு பைண்ட் செய்யுங்கள், அந்தத் திருத்தங்களை எழுத.

கோலி இருக்கும்போதே

இதைத் தள்ளிப்போடாதீர்கள், கட்டடம் காத்திருக்காது. டேப் எடுத்து உங்கள் வீட்டை அளந்துவிடுங்கள்: நீளம், அகலம், மாலாவின் உயரம், மோரி, ஏணி. கதவைத் திறந்துவைத்து, தெருவைப் பார்த்தபடி ஒரு படம். அதிகாலையில் தண்ணீர் வரும் நேரத்தில் போனை வாசலில் வைத்து ஐந்து நிமிஷம் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். குடமும் குழாயும், மராத்தியும் தமிழும் கலந்த அந்தச் சண்டையும் வேறு எங்கும் கிடைக்காது.

எங்கள் கோலியை அண்ணன் மகளும் நானும் சேர்ந்து அளந்தோம். உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டு என்று ஆச்சி சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் டேப்பைச் சுருட்டப் போனாள். வெளியேயும் பிடி என்றேன். வாசற்படியிலிருந்து சாக்கடை விளிம்புவரை இரண்டு அடி நாலு அங்குலம். அதையும் படத்தில் குறித்து, சின்னத் தாத்தாவின் பெயரை எழுதினோம்.